மழைத்தோட்டம் வெட்டுவது ஒரு வார வேலை. மூன்றாம் ஆண்டு வண்டலை அள்ளுவது யார்?

தாழ்வாரம்:

எங்கள் தெரு சரிவின் அடியில் இருக்கிறது. கனமழை பெய்தால் மேலேயுள்ள தெருக்களின் நீர் முழுவதும் எங்கள் முனையில் வந்து நிற்கும். இப்போது உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பழைய வடிகாலை அகலப்படுத்துவதற்குப் பதிலாகச் சாலையோரத்தில் மழைத்தோட்டங்கள் (மழைநீரைத் தேக்கி மண்ணில் இறங்கவிடும் தாழ்வான செடிப்பாத்திகள்) அமைப்பது, நடைபாதையில் நீர் உள்ளிறங்கும் தளக்கற்களைப் பதிப்பது, கூரைக் குழாய்களை வடிகாலிலிருந்து பிரித்து வீட்டு மண்ணுக்குத் திருப்பிவிடுவது என்று திட்டம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வரிதான் இடிக்கிறது: "பராமரிப்பில் மக்கள் பங்கேற்பு எதிர்பார்க்கப்படுகிறது."

அந்த ஒரு வரியால் சங்கக் கூட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது. வந்த திட்டத்தை விடக் கூடாது என்று பாதிப் பேர். இது அவர்கள் வேலையை நம் தலையில் கட்டும் தந்திரம் என்று மீதிப் பேர். பதில் எழுத வேண்டிய பொறுப்பு என்னுடையது. இதுபோன்ற திட்டங்களைப் பார்த்தவர்கள், பராமரித்தவர்கள், கைவிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கணக்கன்:

சண்டைக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 ச.மீ. கூரையில் 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர். கூரை உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக 2,000 லிட்டருக்கு மேல் குழாயில் இறங்கும். நாற்பது வீடுகள் இருந்தால் மொத்தம் 80,000 லிட்டருக்கு மேல். சாலையில் விழுவது தனி.

10 ச.மீ. பரப்பில் 15 செ.மீ. ஆழத்துக்கு நீரைத் தேக்கும் மழைத்தோட்டம் ஒரு நேரத்தில் 1,500 லிட்டர் பிடிக்கும். மழை பெய்யும்போதே மண்ணில் இறங்குவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். எனவே மொத்தம் எத்தனை ச.மீ. தோட்டம் என்று கடிதத்தில் இல்லையென்றால் அதைத் திட்டம் என்று சொல்லாதீர்கள். மூன்று குழி வெட்டி, பூச்செடி நட்டு, நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவதற்கும் அதே கடிதம் போதும்.

எதிர்நீச்சல்:

வரி கட்டுகிறோம். வடிகால் அவர்களுடையது, சாலை அவர்களுடையது. பிறகு நான் எதற்கு மண்வெட்டி தூக்க வேண்டும்?

"மக்கள் பங்கேற்பு" என்பது யாரும் எதிர்க்க முடியாத சொல். அதனால்தான் அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் 1969இல் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். எட்டுப் படிகள். அடிப்படிகளில் மக்களை ஆட்டுவிப்பதும் ஆறுதல் சொல்வதும் மட்டும்தான் நடக்கும். நடுவில் தகவல் தருவார்கள், கருத்துக் கேட்பார்கள், சமாதானப்படுத்துவார்கள். மேலே ஏற ஏறத்தான் கூட்டாண்மை, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், மக்களின் கட்டுப்பாடு. தாழ்வாரம் அவர்களே, உங்கள் கடிதம் எந்தப் படியில் நிற்கிறது? எங்கே குழி வெட்டுவது என்று உங்களைக் கேட்டார்களா? வரைபடம் முடிந்த பிறகு துடைப்பத்தை நீட்டுகிறார்கள். இதற்குப் பெயர் பங்கேற்பா?

தாழ்வாரம்:

//எங்கே குழி வெட்டுவது என்று உங்களைக் கேட்டார்களா?//

இல்லை. வரைபடம் இணைப்பாகவே வந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. வரைந்திருக்கும் தோட்டங்களில் ஒன்று தெருவின் மேடான பக்கத்தில் இருக்கிறது. அங்கே நீர் நின்று யாரும் பார்த்ததில்லை.

வண்டல்மண்:

நான் சாலையோர மழைத்தோட்டங்களைப் பராமரிக்கும் குழுவில் பல பருவங்களாக வேலை செய்கிறவன். எதிர்நீச்சல் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

மழைத்தோட்டம் எப்படிச் சாகிறது என்று எழுதுகிறேன். செடி வாடித்தான் சாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வாயில் சாகிறது. சாலை நீர் உள்ளே வருவதற்காக விளிம்புக்கல்லில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். ஓடி வரும் நீர் அந்த இடத்தில் வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில் மணலைப் போட்டுவிடும். அதன்மேல் இலை படியும், இலையில் புல் பிடிக்கும், புல் இன்னும் கொஞ்சம் மணலைப் பிடிக்கும். இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு வரப்பு எழுந்துவிட்டால் போதும், மறு மழையில் நீர் வாயைத் தாண்டி நேரே சரிவில் ஓடிவிடும். தோட்டம் பச்சையாகவே இருக்கும், ஆனால் ஒரு சொட்டு நீர் உள்ளே போயிருக்காது. படம் எடுக்க வருகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதைச் சரிசெய்யத் தட்டையான மண்வெட்டியும் ஒரு வாளியும் போதும். அரை மணி நேர வேலை. பெருமழைக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை பார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிற வண்டியால் இது ஆகாது; வாசலில் நிற்கிறவர்களால்தான் ஆகும். மக்கள் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான், செலவைக் குறைப்பதற்காக அல்ல.

இன்னொன்று. மேட்டில் யாராவது வீடு கட்டினால் சாலையோரம் மணலைக் குவிப்பார்கள். ஒரே மழை போதும். அந்த மணலும் சிமென்ட் துகளும் வந்து தோட்டத்தின் மேல்மண்ணை அடைத்துவிடும், தளக்கற்களின் இடுக்குகளையும் அடைத்துவிடும். பிறகு மேலே படிந்ததைச் சுரண்டி எடுத்துப் புது மண் போட வேண்டும். கட்டுமான மணலைத் தார்ப்பாய் போட்டு மூடு, சுற்றிலும் தடுப்பு வை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? தெருக்காரர்கள் சொன்னால் சண்டை, அலுவலகம் சொன்னால் விதி. இங்கே அவர்கள் வேண்டும்.

சாய்வளவு:

வடிகால் வடிவமைப்பில் இருப்பவன். மண் சோதனையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கிறது. அதில்தான் தெருக்காரர்கள் முதல் நாளிலேயே கை வைக்க முடியும்.

தோட்டம் வரப்போகும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி. நீர் நிரப்பி முழுவதும் வடியவிடுங்கள். காய்ந்த மண் முதல் முறை பேராசையோடு குடிக்கும், அந்த வேகத்தை நம்பக் கூடாது. மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலைக் குத்தி வைத்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். மணிக்கு 25 மி.மீ. இறங்கினால் 15 செ.மீ. நீர் ஆறு மணி நேரத்தில் போய்விடும். 12 மி.மீ.க்குக் கீழே என்றால் அடியில் ஜல்லிப் படுகையும் துளையிட்ட குழாயும் வைத்து, மிஞ்சுவதை வடிகாலுக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும் இடம், பழைய பெட்ரோல் நிலையம் இருந்த இடம், கழிவுநீர்த் தொட்டியின் பக்கம், செங்குத்துச் சரிவு ஆகியவற்றில் நீரை உள்ளிறக்கவே கூடாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாலார்ட் பகுதியில் 2010இல் சாலையோர மழைத்தோட்டங்கள் போட்டார்கள். மத்திய அரசின் பொருளாதார ஊக்க நிதிக்குக் கெடு இருந்ததால் வேலை அவசரமாக நடந்தது. சில குழிகளில் நீர் நாட்கணக்கில் தேங்கி நின்றது. குழந்தைகள் நடமாடும் வாசலில் இதென்ன குட்டை என்று குடியிருப்பவர்கள் கொதித்தார்கள். கடைசியில் சிலவற்றை மூட வேண்டியிருந்தது, சிலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. மண் நினைத்த வேகத்தில் குடிக்கவில்லை. மக்களிடமும் போதுமான அளவு பேசவில்லை. இரண்டும் ஒரே அவசரத்தின் பிள்ளைகள்.

தாழ்வாரம்:

குட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வியே கொசுதான்.

சாய்வளவு:

முட்டை கொசுவாகப் பறக்கக் கதகதப்பான காலத்திலும் ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் வடியும் தோட்டத்தில் அதற்கு நேரம் கிடையாது. வடியாத தோட்டம் கொசுப் பண்ணைதான், அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. மழை நின்று இரண்டு நாள் கழித்தும் நீர் தெரிந்தால் புகார் எழுதுங்கள். இந்த இரண்டு நாள் கணக்கைக் கூட்டத்தில் எல்லோர் காதிலும் போட்டுவையுங்கள். தெருவே கண்காணிக்கத் தொடங்கிவிடும்.

மேட்டுத்தெரு:

கொஞ்சம் கோபத்தைக் கிளப்பப் போகிறேன். நான் சரிவின் உச்சியில் இருக்கும் தெருக்காரன் (வேறு ஊர்). என் வீட்டுக்குள் ஒரு நாளும் நீர் வந்ததில்லை. எங்கள் பக்கத்திலும் கூரைக் குழாயைப் பிரித்து விடச் சொல்லி வந்தார்கள். கீழ்த்தெருக்காரர்களின் சிக்கலுக்கு என் தோட்டத்தை ஏன் தோண்ட வேண்டும்? இதைக் கேட்டால் சுயநலம் என்கிறார்கள். கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

கணக்கன்:

உங்கள் கூரையிலிருந்து இறங்கும் 2,000 லிட்டர் எங்கே போகிறது என்பதுதான் பதில். நீங்கள் வீடு கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் மண் இருந்தது.

மேட்டுத்தெரு:

இது குற்றச்சாட்டு. எனக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கேட்டேன்.

நாணல்:

மேட்டுத்தெருவின் கேள்வி நியாயமானது, அவரை விரட்டாதீர்கள். மேட்டில் இருப்பவர்கள் சேராத மழைநீர்த் திட்டம் பாதித் திட்டம். கீழே நிற்பவர்கள் எவ்வளவு தூர்வாரினாலும் மேலிருந்து வருவது வந்துகொண்டே இருக்கும். அவர்களைச் சேர்க்க உபதேசம் உதவாது. உதவியவை மூன்று வகை, எனக்குத் தெரிந்தவரை.

ஒன்று, கட்டணம். ஜெர்மனியின் பல நகரங்களில் கழிவுநீருக்குத் தனியாக, மழைநீருக்குத் தனியாகக் கணக்கு. மழைநீருக்கான தொகை உங்கள் மனையில் மூடப்பட்ட பரப்பைப் பொறுத்தது. சிமென்ட் போட்டால் கூடும், பெயர்த்தால் குறையும். அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் 2010 முதல் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு நீர் புகாத பரப்பை வைத்து மழைநீர்க் கட்டணத்தைக் கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். பெரிய வாகன நிறுத்துமிடம் வைத்திருப்பவருக்கு அன்றைக்குத்தான் மண்ணின் அருமை தெரியும்.

இரண்டு, ஏலம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கு அருகே லிட்டில் ஸ்டிரிங்கிபார்க் என்ற சிற்றோடையைக் காப்பாற்ற, தொட்டியோ மழைத்தோட்டமோ வைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று வீட்டுக்காரர்களையே கேட்டு ஒப்பந்தப்புள்ளி வாங்கினார்கள். ஓடைக்கு அதிகப் பயன் தரும் கேட்புகளுக்கு நிதி போனது. கட்டாயமில்லை, கெஞ்சலும் இல்லை.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 1993 முதல் 2011 வரை கூரைக் குழாய்களைப் பிரிக்கும் திட்டம் நடந்தது. 56,000க்கும் மேற்பட்ட குழாய்களைப் பிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு ஊக்கத்தொகை உண்டு. அதற்கு மேலே, பள்ளி, தேவாலயம், அக்கம்பக்கக் குழு என்று யார் போய் வேலையைச் செய்து கொடுத்தாலும் பிரித்த ஒவ்வொரு குழாய்க்கும் அந்தக் குழுவுக்கு ஒரு தொகை. தங்கள் பள்ளிக்கு நிதி சேர்க்க வருகிற பிள்ளைகளிடம் "எனக்கு என்ன கிடைக்கும்" என்று யார் கேட்பார்கள்?

எதிர்நீச்சல்:

நாணல் சொன்ன மூன்றிலும் பணம் இருக்கிறது, கவனித்தீர்களா? பங்கேற்பு என்ற பெயரில் இலவச உழைப்பைக் கேட்காத திட்டங்கள்தான் நிலைத்திருக்கின்றன. நான் முதலிலிருந்து சொல்வதும் இதுதான்.

வண்டல்மண்:

பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பிலடெல்பியாவின் பசுமை வடிகால் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றது, 25 ஆண்டுத் திட்டம். அங்கே அக்கம்பக்கக் குழுக்கள் சாலையோரத் தோட்டங்களைத் தத்தெடுக்கலாம். குப்பை பொறுக்குவது, களை எடுப்பது, பழுது தெரிந்தால் சொல்வது அவர்கள் வேலை. அதற்கு நகர நீர்த்துறை நிதி தருகிறது. குழாய் அடைப்பு, மண் மாற்றுவது போன்ற கனமான வேலைகள் துறையிடமே. இந்தப் பிரிவினைதான் முக்கியம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வடிகால் வாயைத் தத்தெடுக்கும் திட்டத்தில் நிதி இல்லை. ஆனால் எவ்வளவு குப்பை அள்ளினோம் என்று ஆளுக்காள் எடை போட்டுப் பதிகிறார்கள். அதுவும் ஓடுகிறது. ஆக, பணம் மட்டுமே விடை என்றும் சொல்ல முடியவில்லை.

தத்தெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கை வைப்பது வடிகால் வாயை மூடியிருக்கும் கம்பி வலையின் மேற்புறத்தோடு நிற்கட்டும். வலையைத் தூக்காதீர்கள், ஆள்நுழைவுக் குழிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். உள்ளே நச்சு வாயு இருக்கும். அந்த வேலையைத் தன்னார்வலரிடம் கேட்கிற அலுவலகத்தைச் சும்மா விடக் கூடாது.

எதிர்நீச்சல்:

அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம். ஆனாலும் ஒரு கேள்வி. தத்தெடுத்தவர் வீடு மாறிப் போய்விட்டால்? மூன்றாம் ஆண்டு யார்?

நாணல்:

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் விழுகின்றன. சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், மாலை ஏழு மணிக்கு அடுப்படியில் இல்லாதவர்கள். வாடகைக்கு இருப்பவர் வருவதில்லை, முனைக்கடைக்காரர் வருவதில்லை, தெரு பெருக்கும் தொழிலாளியைக் கூப்பிடுவதே இல்லை. ஆனால் எந்த வாய் எந்த மழையில் அடைக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மேட்டில் வரைந்த அந்தத் தோட்டத்தை அவர்களில் ஒருவரிடம் காட்டியிருந்தால் பென்சிலிலேயே அழித்திருப்பார்.

ஒரு பெயர் போதாது, வீட்டெண் வரிசையில் முறை வைத்தால் ஆள் மாறினாலும் முறை மாறாது. வாடகைக்காரரும் அதில் இருப்பார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் பாசன வாய்க்கால், மீன்வளம், மேய்ச்சல் நிலம் என்று பொதுவில் பயன்படுத்துபவற்றை ஆராய்ந்தவர். நெடுங்காலம் பிழைத்திருப்பவற்றில் அவர் கண்ட பொது அம்சங்களில் இரண்டு இங்கே பொருந்தும். விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு விதியை மாற்றும் உரிமை இருக்கும். கண்காணிப்பவர் பயன்படுத்துகிறவர்களில் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவோ இருப்பார். கடிதத்தில் இந்த இரண்டும் இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும், வண்டலை அள்ள ஆள் இருக்காது.

ஜப்பானில் தோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் 1980களிலிருந்து சந்துகளில் "ரோஜிசோன்" என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கூரைகளின் மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குள் போகும், மேலே கைப்பம்பு. அன்றாடம் செடிக்கு ஊற்றுகிறார்கள், தீப்பிடித்தால் அணைக்க அதுவே கைவசம் இருக்கும். பராமரிப்பு நிலைப்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் அந்தக் கைப்பம்புதான். தினமும் யாராவது ஒருவர் அதை அடிக்கிறார். பழுதானால் அன்றைக்கே தெரிந்துவிடும். அழகுக்கு மட்டும் வைத்தது பழுதானால் யாருக்கும் தெரியாது.

கணக்கன்:

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இதெல்லாம் அடிக்கடி பெய்யும் மழைக்குத்தான். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் 130 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த மழைத்தோட்டமும் குடிக்காது. அடுத்த ஆண்டு அவர்கள் போட்ட திட்டத்தில் எந்தத் தெரு வழியாக நீர் ஓட வேண்டும், எந்தப் பூங்காவில் தேங்க வேண்டும் என்று வழியே வகுத்தார்கள். தாழ்வாரம் அவர்கள் பதிலில் இதையும் கேட்க வேண்டும்: தோட்டம் நிரம்பிய பிறகு நீர் எங்கே போகும்? "மழைத்தோட்டம் வந்தால் வெள்ளம் வராது" என்று யாராவது சொல்லிவிட்டால், முதல் பெருமழையிலேயே திட்டத்தின் பெயர் கெட்டுவிடும்.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. பதில் கடிதத்தின் வரைவு இப்படிப் போகிறது. வரைபடத்தை ஏற்கும் முன் ஒரு மழையில் அதிகாரிகளும் தெருக்காரர்களும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும், பெருக்குகிற தொழிலாளிகளும் உடன் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் குழிச் சோதனையை எங்கள் முன்னால் செய்ய வேண்டும், முடிவை எழுத்தில் தர வேண்டும். வாயில் படியும் மணல், இலை, களை எங்கள் பொறுப்பு; அதற்கான கருவிகளும் ஆண்டு நிதியும் அவர்கள் தர வேண்டும். மண் மாற்றுவது, குழாய், தளக்கற்களின் இடுக்கைச் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு. 48 மணி நேரத்துக்கு மேல் நீர் நின்றால் எத்தனை நாளில் வருவார்கள் என்று தேதி வேண்டும். மேட்டுத் தெருக்களுக்கும் இதே கடிதம் போக வேண்டும், ஊக்கத்தொகையோடு. விட்டுப்போனது ஏதாவது உண்டா?

எதிர்நீச்சல்:

"நிதி நின்றால் எங்கள் பொறுப்பும் நிற்கும்" என்று ஒரு வரி.

தாழ்வாரம்:

சேர்த்துவிட்டேன்.

வண்டல்மண்:

இரண்டு விட்டுப்போயிருக்கின்றன. கட்டுமான மணல் விதி ஒன்று. அடுத்தது கலிங்கு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மிகைநீர் வழியும் கலிங்கு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் செ.மீ. கணக்கில் கேளுங்கள். ஒப்பந்ததாரர்கள் அதை மண் மட்டத்திலேயே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் தேங்க வேண்டிய 15 செ.மீ. தேங்கவே தேங்காது, வந்த நீர் அப்படியே வடிகாலுக்குப் போய்விடும்.

மேட்டுத்தெரு:

நாணல் அவர்களுக்கு நன்றி. ஊக்கத்தொகை உண்டா என்று எங்கள் பக்கம் கேட்கப்போகிறேன். இல்லாவிட்டாலும் ஒரு குழாயைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், ஒன்றை மட்டும். எங்கே விடுவது?

சாய்வளவு:

சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, நிலம் வீட்டை விட்டு விலகிச் சரியும் பக்கமாக. அண்டை வீட்டு மதில் பக்கம் வேண்டவே வேண்டாம். குழாய் முடியும் இடத்தில் ஒரு தட்டைக்கல்லைப் போடுங்கள், இல்லாவிட்டால் விழுகிற நீர் மண்ணைப் பறித்துவிடும். வடிகாலில் விட்டுப்போன பழைய ஓட்டையை மூடியிட்டு அடைக்க மறக்காதீர்கள், எலி வரும்.